வண்டி விறகு முதல் தினசரி விலை வரை: தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் எரிபொருள் வரலாறு

தாமிரபரணிப் பாசனத்துக்கு எரிபொருள் தேவைப்பட்டதில்லை. பொதிகை மலையில் பிறக்கும் ஆறு புன்னைக்காயலில் கடலைச் சேர்வதற்குள் எட்டு அணைக்கட்டுகளில் தேங்கி நிற்கிறது. அங்கிருந்து கால்வாய்கள் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தாமாகவே நீரைக் கொண்டுபோகின்றன. எட்டில் ஏழு பழைய அரசர் காலத்தவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணை 1870களில் எழுந்தது. கார், பிசானம் என்ற இரு போக நெல்லும் விளைந்த இந்த வயல்வெளியில் நீர் இறைக்க எஞ்சின் வேண்டியிருக்கவில்லை.

அடுப்புக்கும் விளக்குக்கும் சூளைக்கும் மட்டும் எரிபொருள் வேண்டும். அது வயலில் கிடைக்காது. நஞ்சை நெருக்கமாக இருந்த இடங்களில் மரம் வளர்க்க நிலம் மிச்சமில்லை. எனவே பள்ளத்தாக்கு தன் எரிபொருளை எப்போதும் வெளியிலிருந்தே வாங்கியது. முதலில் பத்து மைல் தொலைவிலிருந்து, பிறகு ரங்கூனிலிருந்து, இப்போது வளைகுடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும். எரிபொருள் மாறிய ஒவ்வொரு முறையும் விலை முடிவாகும் இடம் இன்னும் தள்ளிப் போனது. திருநெல்வேலியில் எரிபொருள் விலை ஏறி இறங்கியதன் வரலாறு இந்த விலகலின் வரலாறுதான்.

விறகும் உடைமுள்ளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளத்தாக்கின் விறகு இரண்டு பக்கங்களிலிருந்து வந்தது. மேற்கே அம்பாசமுத்திரம், களக்காடு பகுதிகளை ஒட்டிய மலையடிவாரக் காடுகள். கிழக்கிலும் தெற்கிலும் மானாவாரி நிலமும் செம்மணல் தேரியும். அந்த வறண்ட பகுதியின் மரம் உடை. குடை விரித்தாற்போல் தலை பரந்த இந்த முள்மரம் மழை குறைந்த மண்ணில் வளரும், வெட்டினால் துளிர்க்கும், காய்ந்த கட்டை நின்று எரியும். கரி சுடவும் ஏற்றது. முள்ளும் சுள்ளியும் ஏழை வீட்டு அடுப்புக்குப் போயின. கட்டை வண்டியேறி ஊருக்கு வந்தது.

விறகு வாங்க முடியாதவர்களுக்கு வயலும் தோட்டமும் விட்டுவைத்ததே எரிபொருள்: சாண வறட்டி, நெல் உமி, தென்னங் கொதும்பு, கரிசல் பக்கத்தில் பருத்தி மார், பனங்காட்டில் காவோலையும் மட்டையும் சில்லாட்டையும். இவற்றுக்குப் பெரும்பாலும் விலை கிடையாது. பொறுக்கிச் சேர்க்கும் பெண்களின் நேரமே விலை.

காசு கொடுத்து வாங்கிய விறகின் விலையை மூன்று காரணங்கள் ஆட்டிவைத்தன. முதலாவது மழை. ஐப்பசி, கார்த்திகையில் பாதை சேறாகி வண்டி நகராது, விறகும் ஈரம் கோத்துக்கொள்ளும், விலை ஏறும். கோடையில் இரண்டும் சரியாகி விலை இறங்கும். இரண்டாவது மாடும் வண்டியும். உழவும் அறுவடையும் நடக்கும் நாள்களில் வண்டிகள் வயலுக்குப் போய்விடும். விறகுக்கு வாடகை கூடும். மூன்றாவது தொலைவு. விறகு கனம் மிகுந்த, மதிப்புக் குறைந்த சரக்கு. பக்கத்துக் காடு தீர்ந்து வண்டி இன்னும் சில மைல் போக வேண்டியிருந்தால், விறகின் விலையில் பாதிக்கு மேல் வாடகையாகிவிடும்.

விறகை அதிகம் தின்ற தொழில்களில் ஒன்று கருப்பட்டி காய்ச்சுவது. திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம், நாங்குநேரிப் பகுதிகளின் பனங்காடுகளில் ஆண்கள் இறக்கிவந்த பதநீரைப் பெண்கள் மணிக்கணக்கில் காய்ச்சினார்கள். பதநீர்ப் பருவம் முழுதும் அடுப்பு அணையாது. பனையே தன் காவோலையையும் மட்டையையும் எரிக்கத் தந்தது; அது போதாதபோது உடைமுள் வாங்கினார்கள். எரிக்கக் கிடைக்காத இடத்தில் பனையேற்றத்தால் வரும் லாபமும் அடுப்போடு போனது. பதநீர் இருந்தும் கருப்பட்டி குறைந்ததற்குப் பிற்காலத்திலும் எரிபொருள் செலவு ஒரு காரணமாக நின்றது.

ரயிலும் காட்டுச் சட்டமும்

1876ஆம் ஆண்டு தென்னிந்திய ரயில்வே மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் பாதை திறந்தது. மணியாச்சியிலிருந்து ஒரு கிளை திருநெல்வேலிக்கு வந்தது. 1902 முதல் 1904 வரை அந்தக் கிளை கல்லிடைக்குறிச்சி, செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து கொல்லம் பாதையோடு இணைந்தது. 1923இல் திருச்செந்தூருக்கும் ரயில் போனது.

தென்கோடியில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. கரி கடல் வழியாக வர வேண்டும். தூத்துக்குடியிலோ கப்பல் கரைக்கு வர ஆழமில்லை. சில மைல் தள்ளி நங்கூரமிட்ட கப்பலிலிருந்து தோணிகள் சரக்கை இறக்கின. ஆகவே தென்னிந்தியாவின் தொடக்க கால எஞ்சின்கள் விறகையும் எரித்தன. ஊர் அடுப்புக்குப் போட்டியாக ரயில் எஞ்சினும் விறகுச் சந்தைக்கு வந்தது. விறகுப் பஞ்சம் சென்னை மாகாணம் முழுதும் அரசின் கவலையானது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்கிக் காவலில் வைத்தது. எரிவிறகுக்காகவே தோட்டங்கள் வளர்க்கும் முயற்சிகளும் நடந்தன. அதுவரை கேட்பாரின்றி வெட்டிய விறகுக்கு இனி அனுமதியும் கட்டணமும் வேண்டும். எரிபொருள் விலையில் அரசின் கை முதன்முதலில் பதிந்தது இங்கேதான்.

இதே காலத்தில்தான் இன்று சீமைக் கருவேலம் எனப்படும் மரம் வந்தது. வறண்ட நிலத்தில் விறகு தரும் என்ற எதிர்பார்ப்பில் 1870களில் அதன் விதை இந்தியாவுக்குத் தருவிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அது ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் தரிசுகளிலும் கண்மாய்களிலும் பரவி, விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் முதன்மை மரமாகி, உடையைப் பின்னுக்குத் தள்ளியது. விறகு விலையை அடக்கியது. நிலத்தையும் நீர்நிலைகளையும் அடைத்துக்கொண்டது.

எரிபொருளே இல்லாமல் தொழில் நடத்தவும் ஆறு இடம் கொடுத்தது. ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்தில் நூற்பாலை அமைத்தது அருவி நீரின் விசைக்காக. கரி வாங்கி நீராவி எஞ்சின் ஓட்டும் செலவு அங்கே இல்லை.

ரங்கூன் எண்ணெய்

விளக்குக்கு முன்பு இலுப்பை, புன்னை, ஆமணக்கு எண்ணெய்களே எரிந்தன. எல்லாம் உள்ளூர் மரமும் செடியும் தந்தவை. விலை விளைச்சலைப் பொறுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தகர டின்களில் மண்ணெண்ணெய் வந்தது. முதலில் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும். பிறகு 1886இல் தொடங்கிய பர்மா ஆயில் நிறுவனம் வளர்ந்தபின் பெருமளவு ரங்கூனிலிருந்து. ‘சீமை எண்ணெய்’ என்று அழைக்கப்பட்ட அது வெளிச்சம் கூடியது, விலையும் மலிவு. சிமினி விளக்கும் அரிக்கேன் விளக்கும் வீடுவீடாக நுழைந்தன.

மலிவுக்கு ஒரு விலை இருந்தது. இனி விளக்கெண்ணெயின் விலை யாரும் பார்த்திராத ஊர்களில் முடிவானது. 1927–28இல் அது அப்பட்டமாகத் தெரிந்தது. சோவியத் ரஷ்யாவின் மண்ணெண்ணெயை அமெரிக்காவின் நியூயார்க் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் இந்தியாவில் விற்றது. புரட்சியில் தன் ரஷ்யச் சொத்துகளை இழந்திருந்த ராயல் டச்சு ஷெல் இதை எதிர்த்து இந்தியாவில் விலையைக் குறைத்தது, விலைப்போர் மூண்டது. 1928 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் அக்னகாரி மாளிகையில் உலகின் பெரிய எண்ணெய் நிறுவனங்கள் கூடிச் சந்தையைப் பங்கிட்டுக்கொள்ள உடன்பட்டன. அதே ஆண்டு பர்மா ஆயிலும் ஷெல் குழுமமும் இந்திய விற்பனைக்காகச் சேர்ந்து பர்மா ஷெல் ஆயின. வாங்குவோருக்குக் கிடைத்த மலிவு போட்டி நீடித்த வரைதான்.

அக்காலத்தில் உலக எண்ணெய் விலைக்கு அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடா விலையே அடிப்படை. எண்ணெய் எங்கிருந்து வந்தாலும், அங்கிருந்து கப்பலில் வந்ததுபோல் வாடகை சேர்த்து விலை கணக்கிடும் முறை நிலவியது. பக்கத்தில் கிடைக்கும் எண்ணெய்க்கும் தூரத்து வாடகை கொடுக்கும் நிலை இது.

போர்க்காலக் கரி பஸ்

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீடு 1941இல் தொடங்கியது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் பர்மா எண்ணெய் ஒரேயடியாக நின்றது. மண்ணெண்ணெய் அளந்து கொடுக்கப்பட்டது. கிடைக்காத ஊர்களில் பழைய ஆமணக்கு, இலுப்பை எண்ணெய்கள் விளக்குக்குத் திரும்பின.

பேருந்துகள் கரிக்கு மாறின. பின்பக்கம் பொருத்திய உருளையில் விறகுக்கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவால் எஞ்சினை ஓட்டும் முறை அது. மதுரையின் டி.வி.சுந்தரம் ஐயங்கார் நிறுவனம் இத்தகைய வாயுக்கலன்களைத் தயாரித்து விற்றது. புறப்படும் முன் ஊதித் தீ மூட்ட வேண்டும். ஏற்றத்தில் வண்டி திணறும். இருந்தும் தெற்கில் போக்குவரத்து நிற்காமல் ஓடியது இதனால்தான். உலகச் சந்தை அறுந்துபோனபோது பாரம் மீண்டும் பக்கத்துக் காட்டின் மீது விழுந்தது.

மின்சாரம்

போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1944இல், பாபநாசம் நீர்மின் நிலையம் உற்பத்தி தொடங்கியது. பைக்காரா, மேட்டூர் நிலையங்களுக்கு அடுத்துச் சென்னை மாகாணத்தில் எழுந்த இது தென் மாவட்டங்களுக்கு மின்சாரம் தந்தது. நீருக்கு விலையில்லை, ஆனால் மழை பொய்த்தால் மின்சாரமும் இல்லை. பிற்காலத்தில் சேர்வலாறு அணையும் அதனுடன் சேர்ந்தது.

ஆற்றுக் கால்வாய் எட்டாத சங்கரன்கோவில், நாங்குநேரி, ராதாபுரம் பகுதிகளில் கிணறே பாசனம். அங்கே கமலைக்குப் பதில் முதலில் ஆயில் எஞ்சின், பிறகு மின்மோட்டார். டீசல் விலை ஏறிய ஒவ்வொரு முறையும் விவசாயி மின் இணைப்பு கேட்டு மனுப் போட்டார். 1990இல் தமிழ்நாடு அரசு விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் தந்தபோது, கிணற்றுப் பாசனம் எண்ணெய் விலையிலிருந்து பெருமளவு விலகியது.

1979இல் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கியது. பிறகு அது 210 மெகாவாட் அலகுகள் ஐந்து கொண்ட நிலையமானது. அதன் கரி கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வருகிறது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. பின்பு கயத்தாறும் முப்பந்தலும் ஆசியாவின் பெரிய காற்றாலைப் பகுதிகளாயின. கூடங்குளத்தின் முதல் 1,000 மெகாவாட் அணு உலை 2014 இறுதியில் வணிக உற்பத்திக்கு வந்தது. அதன் யுரேனியம் ரஷ்யாவிலிருந்து வருகிறது. கூடங்குளம் இயங்கும் முன், மற்ற நிலையங்கள் அருகிலிருந்தும் 2012 வாக்கில் பல மணி நேர மின்வெட்டு இருந்தது. அப்போது கடைகளும் ஆலைகளும் டீசல் ஜெனரேட்டர் வாங்கின. மின்வெட்டு எண்ணெய்ச் செலவாக மாறியது.

டெல்லியில் முடிவான விலை

விடுதலைக்குப் பின் மத்திய அரசு எண்ணெய் நிறுவனங்களுடன் 1948இல் ஓர் ஏற்பாடு செய்தது. இறக்குமதி விலையோடு கப்பல் வாடகை, காப்பீடு, வரி, லாபம் சேர்த்து விற்பனை விலை கணக்கிடப்பட்டது. 1961இல் தாம்ளே குழு முதல் பல குழுக்கள் இந்தக் கணக்கை ஆராய்ந்தன. 1973 அக்டோபர் அரபு–இஸ்ரேல் போருக்குப் பின் கச்சா எண்ணெய் பீப்பாய் சுமார் 3 டாலரிலிருந்து 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டியது. 1974இல் எஸ்ஸோவும் 1976இல் பர்மா ஷெல்லும் அரசுடைமையாயின; அவை இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் என்று ஆயின.

1970களின் பிற்பகுதியிலிருந்து 2002 வரை நிலவியது நிர்வகிக்கப்பட்ட விலை முறை. உலக விலை ஏறினால் அரசு உடனே ஏற்றாது. நிறுவனங்களின் இழப்பு எண்ணெய்த் தொகுப்புக் கணக்கில் சேரும். பெட்ரோலுக்கு அதிக விலை வாங்கி மண்ணெண்ணெய், சமையல் எரிவாயு விலையைத் தாங்கினார்கள். விலை மாதக்கணக்கில் அசையாது நிற்கும். திடீரென ஒருநாள் நள்ளிரவு முதல் ஏறும். பட்ஜெட்டுக்கு முந்தைய நாள் பெட்ரோல் பங்க்குகளில் நீண்ட வரிசை நின்றது இதனால்தான்.

ரேஷன் மண்ணெண்ணெய் மலிவாக இருந்ததால் அது லாரிக்கும் கலப்படத்துக்கும் போனது. சமையல் எரிவாயுவின் பரவல் மண்ணெண்ணெய்த் தேவையைக் குறைத்தது. தமிழ்நாடு அரசு 2007 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்புகள் கொடுத்தது. களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் 1990களில் நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டம், விறகுத் தலைச்சுமையைக் குறைப்பதை நோக்கமாகக் கொண்டிருந்தது. விறகுக்குப் பதில் எரிவாயு வந்ததும் காடு மூச்சுவிட்டது, அந்த ஊர்களின் அடுப்பு மாதந்தோறும் சவுதி அரேபியா அறிவிக்கும் வாயு விலையோடு பிணைந்தது.

காலை 6 மணி விலை

பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுதும் காலை 6 மணிக்கு விலை மாறும் முறை வந்தது. இன்று ஒரு லிட்டரின் விலை ஐந்து அடுக்குகளால் ஆனது.

அடியில் கச்சா எண்ணெய். இந்தியா தன் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. போர், உற்பத்தி நாடுகளின் கூட்டு முடிவு, உலகத் தேவை ஆகியவை அதை ஆட்டுகின்றன. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. 2020 ஏப்ரலில் இந்தியா வாங்கும் எண்ணெயின் சராசரி விலை 20 டாலர் அளவுக்கு விழுந்தது. 2022இல் உக்ரைன் போரால் 100 டாலரைத் தாண்டியது. அதன்மேல் டாலர் மதிப்பு: கச்சா எண்ணெய் அசையாமல் நின்றாலும் ரூபாய் சரிந்தால் விலை ஏறும். மூன்றாவது சுத்திகரிப்புச் செலவும் லாபமும். நான்காவது லாரி வாடகையும் முகவர் கழிவும். மாவட்டத்துக்கு மாவட்டம் சில காசுகள் வித்தியாசப்படுவது இந்த வாடகையால்தான். திருநெல்வேலி விலையில் திருநெல்வேலிக்கே உரிய பங்கு அவ்வளவுதான்.

ஐந்தாவது வரி. மத்தியக் கலால் வரி லிட்டருக்கு இத்தனை ரூபாய் என நிலையானது. தமிழ்நாட்டின் மதிப்புக் கூட்டு வரி பாதி விழுக்காடாகவும் பாதி நிலையான தொகையாகவும் அமைந்தது: பெட்ரோலுக்கு 13 விழுக்காடும் 11.52 ரூபாயும், டீசலுக்கு 11 விழுக்காடும் 9.62 ரூபாயும். கேரளத்தில் வரி கூடுதல் என்பதால் புளியரை எல்லையில் கேரள வண்டிகள் இந்தப் பக்கம் எண்ணெய் நிரப்பிச் செல்வது வழக்கம்.

விலை இறங்கும்போது வரி ஏறுவது அண்மைக் காலத்தின் தெளிவான போக்கு. 2014 நடுவிலிருந்து கச்சா விலை பாதிக்கும் கீழே சரிந்தபோது, 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை மத்தியக் கலால் வரி ஒன்பது முறை உயர்த்தப்பட்டது. 2020 மே மாதம் கொரோனா ஊரடங்கில் அது பெட்ரோலுக்கு 32.98 ரூபாய், டீசலுக்கு 31.83 ரூபாய் என உச்சம் தொட்டது. அதே மாதம் தமிழ்நாடும் தன் வரியை ஏற்றியது. ஆகவே 2021இல் கச்சா விலை மீண்டதும் பெட்ரோல் 100 ரூபாயைக் கடந்தது. பிறகு தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது. மத்திய அரசு 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் குறைத்தது.

தினசரி விலை என்பது பெயருக்குத் தினசரியாக இருந்த காலங்களும் உண்டு. 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 21 வரை, ஐந்து மாநிலத் தேர்தல்கள் நடந்து முடியும் மட்டும், விலை அசையவில்லை. பிறகு இரண்டே வாரங்களில் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறியது. 2022 மே வரிக்குறைப்புக்குப் பின் 2024 மார்ச்சில் மக்களவைத் தேர்தலுக்கு முன் 2 ரூபாய் குறைக்கப்படும் வரை பெரிய மாற்றமில்லை.

பள்ளத்தாக்கில் அதன் தாக்கம்

ஆற்றுப் பாசனம் இப்போதும் எண்ணெய் கேட்பதில்லை. பயிர்ச் சாகுபடி கேட்கிறது. உழவு டிராக்டரில்; அறுவடையோ சேலம், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து மணிக்கணக்கில் வாடகை வாங்கும் இயந்திரத்தில். டீசல் விலை ஏறினால் அந்த மணி வாடகை அதே பருவத்தில் ஏறும். இறங்கினால் வாடகை இறங்குவது அரிது. உரமும் எண்ணெயோடு சேர்ந்ததே. தூத்துக்குடி ஸ்பிக் ஆலை 1970களிலிருந்து நாப்தாவைக் கொண்டு யூரியா தயாரித்தது. ராமநாதபுரம்–தூத்துக்குடி இயற்கை எரிவாயுக் குழாய் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபின் ஆலை எரிவாயுவுக்கு மாறியது. மூட்டை விலையை மானியம் தாங்குவதால் விவசாயிக்கு இந்த மாற்றம் கண்ணில் படவில்லை.

உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி போன்ற கடலோர ஊர்களில் நாட்டுப்படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெயும் விசைப்படகுக்கு டீசலும் வேண்டும். மானிய மண்ணெண்ணெயையும் வரிவிலக்கு டீசலையும் அரசு அளவிட்டு வழங்குகிறது. அளவு தீர்ந்தபின் சந்தை விலைக்கு வாங்கினால் கடலுக்குப் போய்வரும் செலவே மீன் விலையைத் தீர்மானிக்கிறது.

விறகு விற்ற காலத்தில் மழை ஓய்ந்து வண்டி ஓடத் தொடங்கியதும் விலை இறங்கியது. இறக்கம் வாங்குபவர் கைக்கே வந்தது. இன்று உலகச் சந்தையின் ஏற்றம் பெரும்பாலும் வந்து சேர்கிறது. இறக்கத்தின் பெரும்பங்கு வரியாக இடையில் நின்றுவிடுகிறது. 2017இல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது பெட்ரோலும் டீசலும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன. மத்திய அரசும் மாநிலங்களும் அந்த வருவாயை விட மனமில்லாத வரை, எரிபொருள் விலை ஏறும் காரணம் வெளிநாட்டிலும், இறங்காத காரணம் உள்நாட்டிலும் இருக்கும்.